அங்கோலாவில் போரை நிறுத்தியது 1992 தேர்தலா?

"1992-இல் ஐ.நா. கண்காணிப்பில் தேர்தல் நடந்தது, அங்கோலாவின் உள்நாட்டுப் போர் அத்துடன் முடிந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தேர்தல் நடந்தது உண்மை. ஆனால் அரசை எதிர்த்துப் போரிட்ட யுனிடா இயக்கத்தின் தலைவர் ஜோனாஸ் சவிம்பி தேர்தல் முடிவை ஏற்கவில்லை. சில வாரங்களிலேயே போர் மீண்டும் மூண்டது; குயிட்டோ நகரம் இடிபாடானது. 2002 பிப்ரவரியில் சவிம்பி கொல்லப்பட்ட பிறகுதான், ஏப்ரலில் போர்நிறுத்தம் கையெழுத்தானது.

கோளாறு வாக்குச்சீட்டில் இல்லை. இரு தரப்புப் படைகளையும் கலைத்து ஒரே இராணுவமாக்கும் வேலை முடியுமுன்பே வாக்கெடுப்புக்குப் போனார்கள். தோற்றவர் கையில் துப்பாக்கி அப்படியே இருந்தது. இதேபோல் உள்நாட்டுப் போரைக் கண்ட மொசாம்பிக்கில் 1994 தேர்தலுக்கு முன்பே பெரும்பாலான படைவீரர்கள் வீடு திரும்பியிருந்தார்கள். அங்கே போர் உடனே திரும்பவில்லை; ஆனாலும் 2013-இல் மோதல் தலைதூக்கியது.

பத்தாண்டுச் சாவுகளை இந்தச் செய்தி மறைக்கிறது. உங்களுக்கு அனுப்பியவருக்கே இந்தத் திருத்தத்தையும் அனுப்புங்கள்.