டல்லாஸுக்கு ஒன்று, தேவகோட்டைக்கு ஒன்று

பிஸ்டல் சுடுதலைப் புதிதாகத் தொடங்குகிறவர் நேரே ஐபிஎஸ்சி போட்டிக்கே (நகர்ந்துகொண்டே வேகமாகச் சுடும் ரகம்) போகலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அங்கே எடுத்த புள்ளியை நேரத்தால் வகுத்துத்தான் கணக்கு; வேகம் ஆளை இழுத்துவிடும். நகரும்போது குழல் முனை அனுமதித்த கோணத்தைத் தாண்டினால் போச்சு, போட்டியை விட்டே வெளியே. ஐடிபிஏ என்ற தற்காப்புப் பாணிப் போட்டியில் நழுவவிட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் நம் நேரத்தில் ஒரு விநாடி ஏறும், மறைவில் ஒதுங்கிச் சுடணும். நிதானமான ஆளுக்கு இது தேவலை.

டல்லாஸில் இருக்கும் அக்கா மகனுக்கு நான் சொன்னது ஸ்டீல் சேலஞ்ச், எஃகுத் தகடுகளை வேகமாகச் சுடும் போட்டி. சின்னத் தோட்டா போடும் .22 பிஸ்டல் போதும், தோட்டாச் செலவு குறைவு. அந்தப் பிரிவில் உறையிலிருந்து உருவுகிற வேலையும் கிடையாது. பெரும்பாலான ஸ்டேஜ்களில் (இலக்கு அமைப்புகளில்) ஐந்து தடவை சுடவிட்டு, ஆக மோசமான நேரத்தைக் கழித்துவிடுவார்கள்.

'நம்ம ஊரில் என்ன வழி?' என்று கேட்ட தேவகோட்டைத் தம்பிக்கு: இந்த மாதிரிப் போட்டிகளுக்கான 9 எம்எம் பிஸ்டல் இங்கே தடைசெய்யப்பட்ட ரகம், அந்த ஆசையை விடுங்கள். காற்றழுத்தத்தில் சுடும் 0.177 அங்குல ஏர் பிஸ்டல்தான் நமக்கு. 10 மீட்டர் தூரம், பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், 60 குண்டுக்கு 75 நிமிடம். ரேஞ்சுக்குப் போகாத நாளில் குண்டு போடாமல் வெறும் சுவரைப் பார்த்து நின்று ட்ரிகரை அழுத்திப் பழகுங்கள். நம்ம செட்டிநாட்டுப் பழைய வீட்டு முட்டைச் சாந்துச் சுவர் (முட்டை வெள்ளைக்கரு கலந்து வழவழப்பாகப் பூசியது) இதற்கு அருமை. ஒரு கீறல் இருக்காது, குழல் முனையிலுள்ள முன்குறி ஆடுவது பளிச்சென்று தெரியும். (வளவில், அதாவது முற்றத்தில், ஆச்சி நடமாட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள்!) வாங்கும் முன் கிளப் பிஸ்டலில் சில வாரம் சுடுங்கள், பிடி கைக்குப் பொருந்துமா என்பது கடையில் தெரியாது.