கூறு போடத் தெரியாமல் ஏலத்துக்குப் போன கதை

“ஏனுங்க தம்பி, ஆர்டரெல்லாம் குவியுதுன்னு காட்டறீங்க. கல்லாவுல காசக் காணமே?”

தீபாவளி முடிந்த வாரம் கோவையில் ஒரு கிரைண்டர் கடைக்கார அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கடைக்கான கூகுள் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்பவன் நான். என் மடிக்கணினியில் எல்லாம் பச்சையாக இருந்தது. ஒரு ஆர்டருக்கு 300 ரூபாய் விளம்பரச் செலவு என்று இலக்கு வைத்திருந்தேன், மாத முடிவில் 300 ரூபாய்தான் ஆகியிருந்தது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கின பையன் மாதிரி உட்கார்ந்திருந்தவன், அந்த ஒரு கேள்வியில் எழுந்து நின்றுவிட்டேன்.

இணைய விளம்பரத்தில் இருப்பவர்கள் இப்போது ஓயாமல் சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு: கேம்பெயின்களைச் சிதறவிடாதே, ஒன்றாகக் கட்டு, மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும். கேம்பெயின் என்றால் தனி பட்ஜெட்டோடு ஓடும் ஒரு விளம்பரத் தொகுப்பு. நானும் அப்படித்தான் கட்டினேன். கட்டியது தப்பில்லை. எதை எதோடு சேர்த்துக் கட்டினேன் என்பதில்தான் தப்பு.

முதலில் ஏன் கட்டச் சொல்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. நான் அந்தக் கணக்கை வாங்கும்போது டேபிள்டாப் கிரைண்டருக்கே நான்கு கேம்பெயின் இருந்தது. கோவை, ஈரோடு, சேலம், மதுரை. பார்க்க அழகு. ஆனால் மாவட்டத்துக்கு மாதம் மூன்று, நான்கு ஆர்டர்தான். 4 ஆர்டர் வரவேண்டிய இடத்தில் ஒரு மாதம் 2 வரும், இன்னொரு மாதம் 6 வரும். இரண்டும் வெறும் அதிர்ஷ்டம். மாதம் 100 வரும் இடத்தில் 90, 110 சகஜம். அங்கே 50 ஆனால்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். நாலு ஆர்டரை வைத்துக்கொண்டு மனிதனும் எதையும் கற்க முடியாது, இயந்திரமும் முடியாது.

பழைய ஆட்களுக்குச் சிதறவிடுவதுதான் தொழில் தர்மமாக இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு விளம்பரக் குழு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் ஏலத்தொகை போட்டுப் பழகியவர்கள் நாங்கள். கூகுளில் விளம்பர இடம் ஒவ்வொரு தேடலுக்கும் ஏலத்தில்தான் போகும். அந்தப் பிடிகளைக் கூகுள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தது. 2018இல் ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்று குறித்தால் கிட்டத்தட்ட அந்தச் சொல்லுக்கு மட்டும்தான் விளம்பரம் என்பது போய், அதே பொருள் தரும் சொல்லுக்கும் என்றானது. 2019 செப்டம்பரில் விளம்பரம் சராசரியாக எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று காட்டும் எண் போனது. 2020இல் மக்கள் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் பட்டியல் சுருங்கியது. 2025 மார்ச்சில் பாதி கையால், பாதி இயந்திரத்தால் ஓட்டும் ‘என்ஹான்ஸ்டு சிபிசி’யும் தேடல் விளம்பரத்தில் நின்றுவிட்டது. இன்றைக்கு நம் கையில் உருப்படியாக மிஞ்சியவை மூன்றே மூன்று: எதை விற்பனை என்று கணக்கெடுப்பது, இலக்கை எவ்வளவு வைப்பது, எதை எதோடு சேர்ப்பது. இதில் மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கட்டு என்கிறார்கள், அதோடு சரி.

நான் என்ன செய்தேன்? நான்கு மாவட்டத்தையும் சேர்த்தேன். அதுவரை சரி. கூடவே கடைப் பெயரையே தேடி வருகிறவர்களுக்கான கேம்பெயினையும் அதே போர்ட்ஃபோலியோவில், அதாவது பல கேம்பெயினுக்கும் ஒரே இலக்கு வைக்கும் கட்டில், போட்டேன். எண்ணிக்கை கூடினால் இயந்திரம் சீக்கிரம் கற்கும் என்று நினைப்பு. (கூகுளின் தானியங்கி ஏல முறையான ஸ்மார்ட் பிட்டிங், கணக்கு முழுவதிலும் உள்ள தேடல்களிலிருந்து எப்படியும் கற்றுக்கொள்ளும். அதற்காகவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எனக்கு அது பிறகுதான் உறைத்தது.)

மாதக் கடைசியில் 60 ஆர்டர், 18,000 ரூபாய் செலவு. ஆளுக்கு 300. பிரித்துப் பார்த்தால்தான் கூத்து. கடைப் பெயரைத் தேடி வந்தவர்கள் 40 பேர், தலைக்கு 30 ரூபாய், மொத்தம் 1,200. பாதிக்கு மேல் பெல்ட்டும் உதிரிப் பாகமும் வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள். விளம்பரமே இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். மிச்சம் 20 பேர்தான் புதிதாகக் கிரைண்டர் வாங்கியவர்கள். அவர்களுக்கு ஆன செலவு 16,800. தலைக்கு 840 ரூபாய். டேபிள்டாப்பில் அண்ணனுக்கு நிற்கும் லாபம் 700.

ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் 140 ரூபாய் கைக்காசு போட்டு கிரைண்டர் கொடுத்திருக்கிறோம். என் சம்பளம் தனி.

இயந்திரம் ஏமாற்றவில்லை. அந்தக் கட்டு முழுவதும் சராசரியாக 300 என்று நான் சொன்னேன், அது சராசரியாக 300இல் நிறுத்திக் காட்டியது. கடைப் பெயரைத் தேடுபவர்கள் 40 பேர்தான்; அதற்கு மேல் அங்கே வாங்க ஆளில்லை. அங்கே 300க்குக் கீழே மிச்சமானதை அது கடைப் பெயர் சொல்லாத பொதுத் தேடலில் கொண்டுபோய்க் கொட்டியது. வாரச்சந்தையில் அந்தி நேரத்தில் தக்காளியைக் கூறு போட்டு விற்பார்கள், மேலே நாலு நல்ல பழம், அடியில் இரண்டு நசுங்கல். கூறு விலை நியாயமாகத்தான் இருக்கும். நசுங்கலுக்கு நாம் எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்றாகக் கட்டுவது என்றால் இதுதான்: இதில் ஏறினால் அதில் இறங்கட்டும், மொத்தத்தில் சரியாக வந்தால் போதும் என்று இயந்திரத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. அப்படி ஏறி இறங்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் கடைக்காரர். அவரை நான் கேட்கவே இல்லை.

கோவை ஆர்டருக்கும் சேலம் ஆர்டருக்கும் லாபம் ஒன்றுதான். அதில் ஏறி இறங்கினால் நஷ்டமில்லை, தாராளமாகக் கட்டலாம். கடைப் பெயர்த் தேடலை எதோடும் கட்டக் கூடாது. என் அனுபவத்தில் கணக்கு மோசம் போகும் இடம் முக்கால்வாசி இதுதான்.

இன்னொன்று. தனி கேம்பெயினில் டார்கெட் சிபிஏ (ஒரு ஆர்டருக்கு இவ்வளவு செலவு என்ற இலக்கு) வைத்தால் ஒரு கிளிக்குக்கு இதற்கு மேல் போகாதே என்று உச்சவரம்பு போட வழியில்லை. போர்ட்ஃபோலியோவாக வைத்தால் உண்டு. அதற்காகவே ஒரே ஒரு கேம்பெயினை வைத்துக்கூட போர்ட்ஃபோலியோ போடுகிறவன் நான். உச்சவரம்பு போட்டால் இயந்திரத்தின் கையைக் கட்டிப்போடுவதாகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மண்டியில் ஏலம் நடத்துகிறவரின் ஆளே நமக்காகவும் விலை கேட்கிறான் என்றால், எவ்வளவு வரை போகலாம் என்று அவனிடம் சொல்லி வைக்க மாட்டோமா? 2023இல் வாஷிங்டனில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில், அதன் அப்போதைய விளம்பரப் பிரிவு உயரதிகாரி ஜெர்ரி டிஷ்லர், ஏலத்தில் மாற்றங்கள் செய்து விலையை 5 சதவீதம் அளவுக்கு, சில தேடல்களுக்கு 10 சதவீதம்கூட ஏற்றியதுண்டு, விளம்பரதாரர்களிடம் பொதுவாக அதைச் சொல்வதில்லை என்று சாட்சியம் சொன்னார். அதற்குப் பிறகும் உச்சவரம்பு வேண்டாம் என்பவர்களின் நல்ல மனசு எனக்கு வாய்க்கவில்லை.

பட்ஜெட்டைப் பகிர்வதும் போர்ட்ஃபோலியோவும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டும் வேறு. போர்ட்ஃபோலியோ இலக்கைத்தான் சேர்க்கும், பணப்பையைச் சேர்க்காது. கட்டுக்குள் ஒரு கேம்பெயினின் பட்ஜெட் மதியமே தீர்ந்துவிட்டால், அங்கே மலிவாகக் கிடைக்கும் ஆர்டரை வாங்க வழியில்லாமல் இயந்திரம் வேறு பக்கம் போய் விலை ஏற்றும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டா பக்கமும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு ஆட் செட்டுக்கு (கேம்பெயினுக்குள் இருக்கும் விளம்பரக் குழுவுக்கு) வாரம் சுமார் 50 நிகழ்வு, அதாவது விற்பனை போன்றவை, வந்தால்தான் கற்கும் கட்டம் தாண்டும் என்பதால் எல்லாரும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பணமெல்லாம் மலிவாக ஆள் கிடைக்கும் பக்கம் ஓடிவிடுகிறது.

ஹோட்டல்காரர்கள் வாங்கும் டில்டிங் கிரைண்டர்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. இன்று விசாரிப்பார், மூன்று வாரம் கழித்து மைத்துனரோடு வந்து வாங்குவார். மாதம் மூன்று விற்றால் அதிகம். டேபிள்டாப்போடு கட்டினால் அன்றன்றைக்குக் காசாகும் ஆர்டரைப் பார்த்தே இயந்திரம் மயங்கிவிடும், டில்டிங் பட்டினி கிடக்கும். தனியே விட்டால் கற்க எண்ணிக்கை போதாது. கடைசியில் விற்பனையை விட்டுவிட்டு விசாரிப்பைக் கணக்கெடுத்தேன். பத்துப் பேர் விசாரித்தால் ஒருவர் வாங்குகிறார், லாபம் 4,000. ஆக ஒரு விசாரிப்புக்கு 400 ரூபாய் மதிப்பு. யார் உண்மையில் வாங்கினார்கள் என்று கடையில் நோட்டில் எழுதி, வாரா வாரம் கணக்கில் ஏற்றுகிறோம். நோட்டு எழுதும் தங்கச்சி லீவு போட்டால் எங்கள் ஏஐயும் லீவுதான்.

இந்த வழி பிடிபட்ட பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. ஆர்டர்களை எண்ணுவதை விட்டு லாபத்தை ரூபாயில் கொடுத்தால், டேபிள்டாப்பும் டில்டிங்கும் உதிரிப் பாகமும் ஒரே கட்டில் இருக்கலாம். பெல்ட் 80 என்று வரும், டேபிள்டாப் 700 என்று வரும், இயந்திரம் தானே தரம் பிரிக்கும். பலர் விற்பனை விலையைக் கொடுத்து, நாலு மடங்கு திரும்பி வந்தால் போதும் என்று இலக்கு வைக்கிறார்கள். 30 சதவீத லாபம் உள்ள சரக்கில் விளம்பரத்தில் போட்ட ரூபாய்க்கு 1.20 நிற்கும். 10 சதவீதச் சரக்கில் 40 பைசாதான் நிற்கும், மிச்சம் 60 பைசா நஷ்டம். திரையில் இரண்டும் ஒரே பச்சை.

இதை அண்ணனிடம் சொன்னதும் அவர் கை உயர்த்தித் தடுத்தார். “நம்ம லாபத்தப் போயி ஏலம் போடறவங்கிட்டயே சொல்றதுங்களா?”

கேள்வி நியாயமானது. பழைய ஜவுளிக்கடைகளில் அசல் விலையைச் சீட்டில் சங்கேத எழுத்தில் எழுதி வைப்பார்கள், கடைப் பையனுக்குப் புரியும், வாங்க வந்தவருக்குப் புரியாது. அதையே செய்தோம். எல்லா லாபத்தையும் ஒரே எண்ணால் பெருக்கி ஏற்றுகிறோம், இலக்கையும் அதே எண்ணால் பெருக்கிவிடுகிறோம். இயந்திரத்துக்கு விகிதம் தெரிந்தால் போதும். கடைப் பெயர்க் கேம்பெயின் மட்டும் தனியே ஒரு மூலையில் கிடக்கிறது.

டேபிள்டாப் ஆர்டர் 20இலிருந்து 13க்கு இறங்கியிருக்கிறது, செலவு தலைக்கு 450க்குள் நிற்கிறது. திரையில் இப்போது சிவப்புக் கோடு ஒன்று கீழே போகிறது, புதிதாகப் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அண்ணன் அதைப் பார்ப்பதே இல்லை. பெருக்கும் எண் என்ன என்று அவருக்கும் எனக்கும் அந்தத் தங்கச்சிக்கும்தான் தெரியும்.