எது ஐயா நம்முடைய வேதம்?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது சபையார் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் வாட்ஸ்அப் குழு தெரிவித்துவிட்டது. ஆகவே கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, நம் பழைய வேதாகமத்துக்குப் பதிலாக, இன்றைய தமிழில் வந்த திருவிவிலியத்தைப் பார்த்து, "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நிதானமாக வாசித்தாள். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் பெரியவர் ஒருவர் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது நம்முடைய வேதம் இல்லை" என்றார். புத்தகம் போன பிறகும் அவள் கை நீட்டியபடியே இருந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எது ஐயா நம்முடைய வேதம்? 'தேவன்' என்ற சொல்லைக் 'கடவுள்' என்று மாற்றினால் விசுவாசமே போய்விடும் என்கிறீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லுத்தரன் மிஷனரி ஃபபிரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பில் தேவன் கிடையாது, பராபரன்தான். 1871இல், நாம் இன்றும் வாசிக்கும் பவர் ஐயர் குழுவின் வேதாகமம் வந்தபோது 'தேவன்' பலருக்குப் புதுச் சொல். லுத்தரன் சபையார் அதை ஒத்துக்கொள்ளாமல் வெகுகாலம் ஃபபிரிசியஸையே வைத்திருந்தார்கள். நீங்கள் நெஞ்சோடு அணைத்திருக்கும் பழையது, ஒரு காலத்தில் இப்படி வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கப்பட்ட புதியது.

உடனே ஒருவர் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரைக் கொண்டுவருவார். உண்மைதான். திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயர் வேதத்தில் செய்த திருத்தத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆனால் எந்தப் பழைய ஃபபிரிசியஸ் மொழிபெயர்ப்புக்காக அவர் போராடினாரோ, அதை இன்று உங்களில் யார் வாசிக்கிறீர்கள்?

திருவிவிலியம் "கத்தோலிக்கருடைய புத்தகம்" என்பதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 1995இல் அவர்களும் நம் புராட்டஸ்டன்ட் சபையாரும் சேர்ந்து உழைத்துக் கொண்டுவந்தது அது. முன்னுரையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் அதே சங்கீதத்தைப் பழைய மொழிபெயர்ப்பில், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ஒப்பித்துவிட்டு டீச்சரிடம் கேட்டேன்: "போன வாரம் தாழ்மையாக இருக்கச் சொன்னீர்களே, சங்கீதம் பாடின தாவீது மட்டும் ஏன் தாழமாட்டேன் என்கிறார்?" வகுப்பு சிரித்தது. அதிகப்பிரசங்கி என்று பெஞ்சுமேல் ஏற்றிவிட்டார். தாழ்ச்சி என்றால் அங்கே குறைவு என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அந்தப் பிள்ளை அதை ஒரே வாசிப்பில் எல்லாருக்கும் புரியவைத்தாள். இதற்குத்தான் புத்தகத்தைப் பிடுங்கினீர்கள்.

இரண்டு மொழிபெயர்ப்பு கையில் இருந்தால், எல்லாரும் ஒரே குரலில் வாசிக்கும்போது குழப்பம் வரும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். வரும். அது நியாயமான கவலைதான், கமிட்டியில் உட்கார்ந்து பேசலாம். ஆனால் கோயிலுக்கு ஏசி வந்தபோதும், சுவரில் எல்இடி திரை ஏறியபோதும், கொரோனாவுக்குப் பிறகு திருவிருந்துக்குத் தனித்தனிக் கிண்ணம் வந்தபோதும் பாரம்பரியம் எங்கே தூங்கிக்கொண்டிருந்தது? வியர்க்காமல் உட்கார மட்டும் மாற்றம் வேண்டும், அப்படித்தானே? பாலைக் குடித்தது போதும், பலமான ஆகாரத்துக்கு வாருங்கள் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் கெஞ்சுகிறது. திடப்படுத்தல் எடுத்து, அதாவது முழு அங்கத்தினராகச் சபையில் உறுதி சொல்லி, ஐம்பது வருஷமான பிறகும் நமக்குப் பால்புட்டி வேண்டியிருக்கிறது. அதுவும் அதே பழைய புட்டி.

பழையதன் அருமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அம்மாவின் கடைசி இரவில், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், நான் வாசித்தது அதே சங்கீதத்தின் பழைய மொழிபெயர்ப்புதான். "மரண இருளின் பள்ளத்தாக்கிலே" என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதியை அம்மா கண்ணைத் திறக்காமலே சொல்லி முடித்தார்கள். அந்தச் சொற்களை என்னிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது. அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த சொற்களை எடுக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

நேற்று அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். வாசிப்பு அட்டவணையில் அவள் பெயர் நீல மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பெயர் என்னுடையது. வருகிற ஞாயிறு முதல் பாடத்தைத் திருவிவிலியத்தில்தான் வாசிக்கப் போகிறேன். பிடுங்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். எனக்கு ஐம்பத்தாறு வயது, பிடி கொஞ்சம் பலமாகவே இருக்கும்.