பங்கர் வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், வயல்வெளிக்கு நடுவே ஓர் அட்லஸ் ஏவுகணைக் குழி இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கட்டி, 1965இல் கைவிட்டார்கள். 2008இல் லாரி ஹால் என்பவர் அதை வாங்கி, பூமிக்குள் 15 மாடி இறங்கும் அடுக்ககமாக்கி, 'சர்வைவல் காண்டோ' என்று பெயர் வைத்து விற்றார். அரை மாடி 15 லட்சம் டாலர், முழு மாடி 30 லட்சம். நீச்சல் குளம், திரையரங்கு எல்லாம் உண்டு. ஆனால் இதைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது சுவரின் கனம். ஒன்பது அடி கான்கிரீட்டாம்.

உலகம் அழியும் நாளுக்காகப் பங்கர், அதாவது பூமிக்கடியில் பதுங்கும் வீடு, விற்கும் வியாபாரம் முழுக்க இந்தச் சுவரை வைத்துத்தான் நடக்கிறது. உள்ளே இருப்பவரை உயிரோடு வைப்பது சுவர் இல்லை. புளோயர் (காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம்), வால்வு, ஃபில்டர், செப்டிக் பம்ப், கதவு ரப்பர். இவற்றில் எது முதலில் போகிறதோ அதுதான் அந்த வீட்டின் உண்மையான ஆயுள்.

சுவர்க் கணக்கையே முதலில் முடித்துவிடுவோம், சுலபமானது. அணுகுண்டுக்குப் பிறகு விழும் கதிர்வீச்சுத் தூசியின் காமா கதிரைப் பாதியாக்க 9 சென்டிமீட்டர் அளவுக்கு இறுகிய மண் போதும். கான்கிரீட் என்றால் 6 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் மண் போட்டால் பத்து முறை பாதியாகும். உள்ளே வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது மூன்றடி மண். நேரடி வெடிப்பைத் தாங்கத்தான் அதற்கு மேல் கனம் வேண்டும். யாருமில்லாத வயலில் ஒளிந்திருப்பவர்மேல் எவன் குண்டு போடப் போகிறான்?

காலக்கணக்கும் இப்படித்தான். நேரம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும் என்பது பழைய விதி. வெடித்து ஒரு மணி நேரத்தில் 1000 என்று இருந்தால், 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. தோராயமான விதிதான், ஆனால் முதல் சில மாதங்களுக்குத் திட்டமிட இது போதும். தேவை இரண்டு வாரம். விற்பதோ ஐந்து வருடச் சாப்பாட்டோடு. நடுவில் இருக்கும் வித்தியாசம் பயத்தின் விலை.

இனி காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். சிலர் பங்கராகப் புதைக்கிறார்களே, அந்த 20 அடி கண்டெய்னரின் கொள்ளளவு 33 கன மீட்டர். நான்கு பேரை உள்ளே வைத்து இறுக மூடினால் நான்கு மணி நேரத்தில் 1 சதவீதம், பன்னிரண்டு மணி நேரத்தில் 3 சதவீதம். அதற்குள் தலை வெடிக்கும், மூச்சு இரைக்கும். ஒரு நாளுக்குள் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். "ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறேன்" என்பவர்கள் கவனிக்க: ஆக்சிஜன் அபாய அளவுக்கு இறங்குவதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்த்துவிடும். சிலிண்டர் இதை வெளியேற்றாது.

கூடவே வெப்பம். ஓர் உடல் 100 வாட் பல்பு மாதிரி. பத்துப் பேர் என்றால் ஒரு கிலோவாட் ஹீட்டர் இரவு பகலாக எரிகிறது. ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீராவியும் விடுகிறார்கள். அது குளிர்ந்த சுவரில் வழியும், மெத்தையில் இறங்கும், மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும்.

இதை ஒழுங்காகச் சிந்தித்த நாடு சுவிட்சர்லாந்து. 1963இல் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு அடித்தளத்தில் காப்பறை கட்ட வைத்தார்கள். இன்று சுமார் 3,70,000 காப்பறைகள், 90 லட்சம் பேருக்கு இடம். தலைக்கு 1 சதுர மீட்டர் தரை, 2.5 கன மீட்டர் கொள்ளளவு. காற்று, ஃபில்டர் வழியாக மணிக்கு 3 கன மீட்டர். ஃபில்டர் இல்லாமல் 6. இந்தக் கணக்குக்கே இயந்திரமும் செய்திருக்கிறார்கள். 'விஏ 40' என்ற மாடல் மணிக்கு 40 கன மீட்டர் தரும், 13 பேருக்கு. 'விஏ 150' என்றால் 50 பேருக்கு. மின்மோட்டார் உண்டு, மின்சாரம் போனால் சுற்றக் கைப்பிடியும் உண்டு. உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் அதிகமாக இருப்பதால் கதவிடுக்கில் கசிவு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும். தூசி உள்ளே வராது. கார்பன் ஃபில்டரைத் தேவைப்படும் வரை சீல் உடைக்காமல் வைக்க வேண்டும். "சரியாக இருக்கிறதா பார்ப்போம்" என்று பிரித்தால் அது அன்றிலிருந்தே ஈரம் உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் பலர் தினமும் இறங்கிப் போகும் இடம்தான் இது. அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் வைக்கும் கெல்லர்களில் (அடித்தள அறைகளில்) பல, இந்தக் காப்பறைகளே. அந்தக் கனத்த கான்கிரீட் கதவும், சுவரில் கைப்பிடியோடு நிற்கும் பெட்டியும் அலங்காரத்துக்கு இல்லை.

அவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். லூசர்ன் நகரில் சோனன்பெர்க் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை 1976இல் 20,000 பேருக்கான காப்பிடமாகவும் கட்டினார்கள். கதவு ஒவ்வொன்றும் 350 டன், ஒன்றரை மீட்டர் கனம். 1987இல் ஒத்திகை பார்த்தபோது ஒரு கதவு சரியாக மூடவில்லை. பிறகு 2006இல் கொள்ளளவை 2,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒரு நாட்டின் பொறியாளர்கள் கட்டியதற்கே இந்த நிலை. ஒத்திகை பார்த்ததால் தெரிந்தது. தனியார் பங்கர் வாங்கியவர்களில் எத்தனை பேர் கதவை மூடி நாற்பத்தெட்டு மணி நேரம் குடும்பத்தோடு உள்ளே இருந்து பார்த்திருப்பார்கள்?

யூடியூபைப் பார்த்துக் கண்டெய்னரைப் புதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். கண்டெய்னர் பாரத்தைத் தாங்குவது நான்கு மூலைத் தூண்களில். அதனால்தான் கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிகிறது. கூரைக்கு நடத்தும் தரச் சோதனை 60க்கு 30 சென்டிமீட்டர் பரப்பில் 300 கிலோ, அதாவது மேலே ஏறி நடக்கும் ஆட்களுக்காக. அதன்மேல் ஒரு மீட்டர் மண் போட்டால் 25 டன். மழை பெய்தால் இன்னும் கூடும். பக்கச் சுவர்களை மண் உள்பக்கமாகத் தள்ளும். முதலில் நடுவில் வயிறு தள்ளும், பிறகு கதவு இறுகும். கதவு திறக்காமல் போகும் நாளில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

வட்டக் குழாய் வடிவம் மண் அழுத்தத்துக்கு நல்லது. ஆனால் நிலத்தடி நீர் மேலே இருந்தால் அது மிதக்கும். 3 மீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள குழாய் 70 கன மீட்டர், மேல்நோக்கிய தள்ளல் 70 டன். அடியில் கான்கிரீட் பலகை போட்டுப் பட்டையால் கட்டாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து மேலே எழும்பிவிடும். நுழைவாயில் நேராக இருக்கவும் கூடாது, ஒரு திருப்பமாவது வேண்டும். கதிர் நேராகத்தான் போகும். திருப்பத்தில் பெரும்பகுதி சுவரில் அடங்கிவிடும்.

இதை நமக்கு அமெரிக்கன் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முற்றத்தில் பங்கர் வெட்டியவர்கள் 'ட' எழுத்து மாதிரி வளைத்தே வெட்டினார்கள், ஷெல் துண்டு நேராக உள்ளே பாயாதிருக்க. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. மழைக்குத் தண்ணீர் நின்றது, பாம்பு வந்தது. ஆனாலும் அதில் ஒன்று சரியாக இருந்தது: அடுப்படியிலிருந்து பத்துக் காலடி தூரம்.

தெற்கு டகோட்டாவில் 'விவோஸ் எக்ஸ்பாயிண்ட்' என்று ஓர் இடம். 1942இல் ராணுவம் வெடிமருந்து வைக்கக் கட்டிய 575 கான்கிரீட் கூடுகள், 1967இல் மூடப்பட்ட கிடங்கு. குடும்பத்துக்கு ஒன்று என்று குத்தகைக்கு விடுகிறார்கள். கிடைப்பது வெறும் கூடு. மின்சாரம், காற்றுக் குழாய், கழிவு எல்லாம் வாங்குபவர் பாடு. வெடிமருந்து மூச்சு விடாது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். நியூயார்க்கிலிருந்து அந்த இடம் 2,500 கிலோமீட்டருக்கு மேல். சாலை நெரிசல், பெட்ரோல் பங்கில் வரிசை, விமானம் ரத்து, இதெல்லாம் உலகம் அழிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பேபால் நிறுவனர்களில் ஒருவரான கோடீஸ்வரர் பீட்டர் தீல் விஷயம் இன்னும் வேடிக்கை. 12 நாட்கள் மட்டுமே அங்கே தங்கியிருந்த அவருக்கு நியூசிலாந்து 2011இல் குடியுரிமை கொடுத்தது. 2015இல் வானகா ஏரிக்கரையில் 193 ஹெக்டேர் வாங்கினார். மலைச்சரிவில் விடுதி கட்டக் கேட்ட அனுமதியை 2022இல் உள்ளூர் நிர்வாகம் மறுத்துவிட்டது. நிலக்காட்சி கெடுமாம். கோடீஸ்வரரின் கடைசிப் புகலிடம் பிளான் அப்ரூவலில் நின்றது.

இருப்புப் பட்டியலுக்கு வருவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரிசி 400 கிராம், பருப்பு 100 கிராம், எண்ணெய் 30 மில்லி, சுமார் 2,000 கலோரி. நான்கு பேருக்கு ஒரு வருடம்: அரிசி 584 கிலோ, பருப்பு 146 கிலோ, எண்ணெய் 44 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் வீதம் தண்ணீர் 5,840 லிட்டர். குளியல் இதில் இல்லை. வெள்ளை அரிசியை மைலார் பையில் (காற்றுப் புகாத படலப் பை) ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போட்டு ஒட்டினால் இருபது முப்பது வருடம் நிற்கும். கைக்குத்தல் அரிசி தவிட்டு எண்ணெயால் ஆறு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். உடம்புக்கு நல்லது என்று அதை வாங்கி அடுக்காதீர்கள். எண்ணெயும் ஓரிரு வருடம்தான். எனவே ஐந்து வருடச் சாப்பாடு என்பது பெரும்பாலும் ஐந்து வருட மாவுச்சத்து.

டீசல் இதைவிட மோசம். 5 கிலோவாட் ஜெனரேட்டரைப் பாதி லோடில் ஓட்டினால் மணிக்கு 1.3 லிட்டர் அளவு, மாதத்துக்கு 900 லிட்டருக்கு மேல். சேமித்த டீசல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குப் பிறகு நம்பகமில்லை. டேங்க் அடியில் ஈரம் தங்கும், அதில் நுண்ணுயிர் வளரும், கறுப்புக் கசடு ஃபில்டரை அடைக்கும். குறைந்த லோடில் தொடர்ந்து ஓட்டினால் எரியாத எரிபொருள் புகைபோக்கியில் படிந்து எஞ்சின் திணறும். ஆகவே பத்து ஃபில்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள் என்பார்கள். சரி, பதினோராவது?

லித்தியம் பேட்டரியை வெளிக் கொட்டகையில் வைத்தால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெட்டுவிடும். தெற்கு டகோட்டாவில் மாதக்கணக்கில் உறைநிலைதான். கழிவறை கழிவுநீர்க் குழாயைவிடக் கீழே இருந்தால் மேலே தள்ளப் பம்ப் வேண்டும். அது நின்றால் அன்றைக்கே வீடு முடிந்தது. அரிசி எவ்வளவு இருந்தாலும்.

பின்லாந்தைப் பாருங்கள். சுமார் 50,500 காப்பிடங்கள், 48 லட்சம் பேருக்கு இடம். ஹெல்சிங்கியில் இட்டாகெஸ்குஸ் நீச்சல் குளம் பாறைக்குள் வெட்டியது. தேவைப்பட்டால் 3,800 பேர் தங்கலாம். எந்தக் காப்பிடத்தையும் 72 மணி நேரத்தில் காலி செய்து தயாராக்க வேண்டும் என்பது விதி. தினமும் குழந்தைகள் குதிக்கும் இடம் என்பதால் அங்கே காற்றோட்டம் ஓடுகிறதா, பம்ப் வேலை செய்கிறதா என்பது அன்றாடம் தெரிந்துவிடும். கெட்டால் மறுநாள் காலை பயிற்சியாளரே திட்டுவார்.

அதனால், யாராவது பங்கர் விற்க வந்தால் சுவரைத் தட்டாதீர்கள். புளோயருக்குக் கைப்பிடி இருக்கிறதா, ஒரு குழந்தையால் பத்து நிமிடம் சுற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டாவது வெளியேறும் வழியைக் காட்டச் சொல்லுங்கள், அதை உள்ளிருந்து திறந்து காட்டச் சொல்லுங்கள். கதவு ரப்பர் எந்த வருடத்தது, மாற்று ரப்பர் எந்த அலமாரியில் என்று கேளுங்கள். பிறகு விற்பவரையே உள்ளே உட்கார வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் வந்து மிச்ச விலையைப் பேசுங்கள்.