கடைசியாக ஏறியவர் முதலில் இறங்கவும்

(கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டுத் திண்ணை. சாயங்காலம் நாலு மணி. மச்சான், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை, மச்சான் மனைவியின் தம்பி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட அக்காவைப் பார்க்க ஒரு பை கத்தரிக்காயோடு வந்து நிற்கிறார்.)

மாப்பிள்ளை: எப்படி இருக்கு மச்சான்?

மச்சான்: நாலு, அஞ்சு, ஆறு. ம், இப்போ கேளுங்க.

மாப்பிள்ளை: அக்காவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்.

மச்சான்: கட்டு பிரிச்சாச்சு. கறுப்புக் கண்ணாடியோட உள்ளே தூங்குது. காலைப் பார்த்து வைங்க, கீழே மணி கிடக்கும்.

மாப்பிள்ளை: என்ன மணி? அட, பாசிமணி! கையில் அது என்ன, நூல் பின்னுகிற கொக்கி ஊசி, குரோஷா ஊசியா? நீங்களா?

மச்சான்: ஏன், ஆண்பிள்ளை தொடக்கூடாது என்று ஊசியில் எழுதியிருக்கா?

மாப்பிள்ளை: அதுக்கில்லை மச்சான். டிக்கெட் கிழித்த கையாச்சே என்று பார்த்தேன்.

மச்சான்: எல்லாம் உங்க அக்கா கட்டின 600 ரூபாயால் வந்தது. மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் வியாழக்கிழமை தோறும் ஏழெட்டுப் பேர் கூடி வயர் கூடை, எம்பிராய்டரி என்று ஏதாவது கற்றுக்கொள்வார்கள். இந்த முறை மணி வைத்த குரோஷா. ரெண்டு வகுப்பு போனாள், ஆபரேஷனுக்குத் தேதி வந்துவிட்டது.

மாப்பிள்ளை: பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?

மச்சான்: கேட்கத்தான் போனேன். "திருப்பித் தர முடியாது, வேணும்னா அவங்களுக்குப் பதிலா நீங்க உட்காருங்க"ன்னு டீச்சரம்மா சொல்லிவிட்டது. காசை விட மனசு வருமா? உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை: அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவிலா!

மச்சான்: முதல் பத்து நிமிஷம், மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து ஒரு அம்மா தண்ணி டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் காபி கொடுத்தார்கள். அப்போதே நான் சேர்ந்தாச்சு என்று அர்த்தம்.

மாப்பிள்ளை: (ஒரு மணியை எடுத்து விரல் நுனியில் வைத்து) இவ்வளவு பொடிசா!

மச்சான்: இது பெரிசு. எட்டாம் நம்பர், ஏறக்குறைய மூணு மில்லிமீட்டர் இருக்கும். பதினொன்று என்று ஒன்று இருக்கு, அது ரெண்டுதான்.

மாப்பிள்ளை: நம்பர் ஏற ஏற மணி சின்னதாகுதா? எங்க மோட்டார் காயில் கம்பி மாதிரியே. அதிலும் கேஜ் ஏறினால் கம்பி மெலிசு.

மச்சான்: பரவாயில்லையே! இது புரிய எனக்கு ஒரு வியாழக்கிழமை போச்சு.

மாப்பிள்ளை: சரி, பின்னும்போது இந்த மணியை எங்கே கோக்குறீங்க?

மச்சான்: அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பின்ன ஆரம்பிக்கும் முன்னாலேயே அத்தனை மணியையும் நூலில் ஏற்றிவிட வேண்டும். நடுவழியில் ஏற்றம் கிடையாது.

மாப்பிள்ளை: பாயிண்ட் டு பாயிண்ட்.

மச்சான்: அதேதான்! இன்னொன்று இருக்கு. கோத்த மணியை எல்லாம் நூல்கண்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவோம். அப்போ பின்ன ஆரம்பிக்கும் நுனிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்?

மாப்பிள்ளை: கடைசியாகக் கோத்த மணி.

மச்சான்: கடைசியாக ஏறினவர் முதலில் இறங்குவார். அதனால் டிசைன் தாளைக் கீழேயிருந்து மேலே, தலைகீழாகப் படித்துக் கோக்க வேண்டும். அந்த மாடியில் மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் உடனே புரிந்தது. ஒரே ஒரு படி இருந்த பஸ்ஸில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன்! படியில் தொங்கினவன் இறங்காமல் உள்ளே இருப்பவன் எப்படி இறங்குவான்?

மாப்பிள்ளை: (திண்ணையில் உட்கார்ந்து) பின்னிக் காட்டுங்க பார்ப்போம்.

மச்சான்: பாருங்க, குழாய் மாதிரி சுற்றிச் சுற்றி வளரும், சுற்றுக்கு ஆறு மணி. கீழ்ச் சுற்றில் இருக்கிற மணிக்குப் பக்கத்து நூலுக்குள் ஊசியை விட்டு, அந்த மணியை ஓரமாகத் தள்ளி... "ஓரம் போப்பா, ஓரம் போ"... அது புரண்டு இடம் விடும். இப்போ புது மணியைக் கிட்டே கொண்டுவந்து, நூலை ஊசிக் கொக்கியில் மாட்டி, எல்லா வளையத்துக்கும் ஊடே ஒரே இழு. முடிஞ்சது. அடுத்த ஆள்.

மாப்பிள்ளை: தள்ளாமல் விட்டால்?

மச்சான்: வழியை மறித்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு மேலே வருகிற வரிசை முழுக்கக் கோணிப்போகும்.

மாப்பிள்ளை: ஆரம்பமே கஷ்டமா இருந்திருக்குமே?

மச்சான்: முதல் மூணு சுற்றைக் கேட்காதீங்க. குழாயும் இல்லை, வட்டமும் இல்லை, கையில் ஒரு சிக்குதான் இருக்கும். எது மேல், எது கீழ் என்றே தெரியாது. நாலு தடவை பிரித்தேன். டீச்சரம்மாதான் ஆறு கலரில் மணி கொடுத்து, வரிசையாகக் கோக்கச் சொன்னது. அப்படிக் கோத்தால் சிவப்பு மேல் சிவப்பு, மஞ்சள் மேல் மஞ்சள். ஊசி தப்பான இடத்தில் நுழைந்தால் கலரே காட்டிக்கொடுத்துவிடும்.

மாப்பிள்ளை: ஆனால் இது வெள்ளையில் பச்சைக் கொடி போட்டிருக்கே?

மச்சான்: அது போன வாரம், இது இந்த வாரம். உங்க அக்கா கண்ணைத் திறந்ததும் கையில் போட ஒரு வளையல். சொல்லிவிடாதீங்க.

மாப்பிள்ளை: இடுக்கி எதற்கு? மணி வேலைக்கு இடுக்கியா?

மச்சான்: (குரலைத் தாழ்த்தி) ஒரு பச்சை கூடுதலாக ஏறிவிட்டது. நாற்பது வரிசை தாண்டித்தான் கண்டுபிடித்தேன்.

மாப்பிள்ளை: டிக்கெட் இல்லாத ஆளா?

மச்சான்: ஆமா. அத்தனை பேரையும் இறக்கி ஏற்ற முடியுமா? அந்த ஒரு மணியின் துளைக்குள் தையல் ஊசியை விட்டு, மேலே துணியைப் போட்டு மூடி, இடுக்கியால் ஒரு நசுக்கு. கண்ணாடி மணிதானே, பொடியாகிவிடும். உள்ளே ஊசி இருப்பதால் உடையும்போது நூல் அறுபடாது. துணி நம்ம கண்ணுக்காக. ஒரு வீட்டுக்கு ஒரு கண் ஆபரேஷன் போதும்.

மாப்பிள்ளை: (வாங்கிப் பார்க்கிறார். அழுத்திப் பார்க்கிறார்.) மச்சான், தப்பா நினைக்காதீங்க. இந்தப் பக்கம் கொழகொழன்னு இருக்கு, அந்தப் பக்கம் கம்பி மாதிரி இறுகிக் கிடக்கு.

மச்சான்: முதலில் நூலைத் தளர்வாக விட்டுவிட்டேன். போகப் போகப் பயத்தில் கை இறுகிவிட்டது.

மாப்பிள்ளை: சுற்றிப் பிடித்தால் ரெண்டு விரல்கடை இடைவெளியும் இருக்கே!

மச்சான்: (நீண்ட மூச்சு) 360 மணி கோத்தேன். வண்டிக்கு அறுபது பேர், ஆறு ட்ரிப், சரியா வரும் என்று ஒரு கணக்கு. தீர்ந்துபோச்சு.

மாப்பிள்ளை: தலைமடையில் தாராளம், நடுவில் இறுக்கம், கடைமடைக்கு வந்து சேரவே இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாங்கன்னு பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான். என்கிட்டேயே காட்டுறீங்களே இதை!

மச்சான்: சிரிக்காதீங்க. நூலை அறுத்து, புது நூலில் மணி கோத்து, முடிச்சுப் போட்டு இழுக்கணுமாம். முடிச்சு குழாய்க்குள்ளே ஒளிந்துகொள்ளும் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

மாப்பிள்ளை: எதுக்கு அறுக்கணும்? நூலுக்கு ரெண்டு முனை உண்டுதானே? அந்த முனையில் ஏத்துங்க.

மச்சான்: அந்த முனை கண்டுக்கு உள்ளே, நடுவில் இருக்கு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: கொஞ்சம் நூல் விட்டுக் கண்டுப் பக்கம் அறுத்துவிட்டால்?

மச்சான்: எவ்வளவு விடுவது? மணியில் போட்ட கணக்கை நூலிலும் போட்டு, அதுவும் கடைமடைக்கு வராமல் போனால்?

மாப்பிள்ளை: அப்போ பிரிச்சுடுவோம். பாதிக் கண்டுதானே. கொடுங்க இப்படி. வரிசை நடவுக்குக் கயிறு பிடிச்ச கை இது.

(மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்டை உருட்டிப் பிரித்தபடி தெருவில் இறங்கி நடக்கிறார். ஐந்தாவது வீடு, ஆறாவது வீடு. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலுக்கு வந்தாச்சு.)

மச்சான்: (திடீரென்று எழுந்து) மாப்பிள்ளை! அந்த முனையில் ஏற்றினால் யார் முதலில் வருவார்?

மாப்பிள்ளை: (தூரத்திலிருந்து) முதலில் ஏத்தினவர்தான்!

மச்சான்: அப்போ தாளைத் தலைகீழாகப் படிக்க வேண்டாம்! நேராகவே கோக்கலாம்! பின்படியில் ஏற்றம், முன்படியில் இறக்கம்! இதை அந்த டீச்சரம்மா சொல்லவே இல்லையே!

மாப்பிள்ளை: முனை கிடைச்சுடுச்சு மச்சான்! ஆனா நான் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கிறேன், ஊசியும் மணியும் உங்ககிட்டே இருக்கு!

மச்சான்: அங்கேயே நில்லுங்க, கொண்டுவரேன்!

மாப்பிள்ளை: அய்யோ, ஸ்கூட்டர் வருது! நூல்!

மச்சான்: (தட்டு நிறைய மணியோடு தெருவில் இறங்கி, கையை ஓங்கி) ஓல்டான்... ஓல்டான்... தம்பி, காலை ஊன்று, நூலைத் தூக்குகிறேன், குனிந்து போ... ம், போலாம் ரைட்!