தெரியாது என்று தெரிந்தே போடும் ஸ்லைடு

“பின்னாடி இருக்கிறவங்களுக்கு இது தெரியாது, கொஞ்சம் மன்னிச்சுக்கோங்க.”

தெரியாது என்று தெரிகிறது இல்லையா? அப்புறம் எதற்கு ஐயா அதைப் போட்டீர்கள்? இன்னும் எத்தனை காலம்தான் இந்த வரியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது? இன்றைக்கு மீட்டிங்கில் ஸ்லைடு போட்டுப் பேசியவர் வாயாலும் கேட்டேன். நான் இருந்தது மூன்றாவது வரிசை, எனக்கே தெரியவில்லை. முதல் வரிசையில் இருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாற்காலி நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

அந்த ஸ்லைடைப் பற்றிச் சொல்லாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது. பேசியவர், எக்செலில் இருந்த ஒரு டேபிளை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி வைத்திருந்தார். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கியதில் எண்கள் எல்லாம் கலங்கிப்போய், 3 எது 8 எது என்று பிரிக்க முடியவில்லை. குறுக்கே பதினான்கு நெடுவரிசை, கீழே முப்பதுக்கு மேல் வரிசை. லேசர் பாயிண்டரை எடுத்தார். சிவப்புப் புள்ளி டேபிளின் மேல் மூலையில் நடுங்கிக்கொண்டே போய் நின்றது. முதல் வரிசையைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் படித்தார். நான்காவதுக்கு வந்ததும் “இது அவ்வளவு முக்கியமில்ல” என்றார், சொல்லிவிட்டு அதையும் படித்தார். ஆறாவதில் போன் அடித்தது. அவருடைய போன்தான். எடுத்து, “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்” என்று பேசி வைத்துவிட்டு, விட்ட இடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. திரும்ப மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தார்.

கடைசியில் சொன்னாரே ஒன்று: “ஆக மொத்தம், நமக்கு வேண்டியது இந்த ஒரு நம்பர்தான்.” கீழ் மூலையில், எறும்பு அளவில் ஒரு எண்.

அந்த ஒரு எண்ணை மட்டும் ஸ்கிரீன் முழுக்கப் பெரிதாகப் போட்டிருக்கக் கூடாதா? பக்கத்தில் போன வருடத்து எண்ணை வைத்து, “இவ்வளவு குறைந்திருக்கிறது, காரணம் இதுதான்” என்று சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் எல்லார் மண்டையிலும் ஏறியிருக்கும். ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய விஷயம். அங்கே இருந்த எல்லாரும் கவலைப்பட வேண்டிய விஷயம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சரக்கே இல்லாத ஆள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவரிடம் சரக்கு இருக்கிறது, மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார், அதை நம் கையில் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

பெச்சகுச்சா என்று, ஸ்லைடு போட்டுப் பேசும் ஒரு முறை இருக்கிறது. 2003-ல் டோக்கியோவில் ஆரம்பித்தது. 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, அதுவாகவே நகர்ந்துவிடும். 6 நிமிடம் 40 விநாடியில் ஒரு முழுப் பேச்சு முடிந்துவிடும். இவர் அந்த ஒரு டேபிளில் நின்ற நேரத்தில் அப்படி ஒரு பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டுக் கை தட்டியிருக்கலாம்.

மற்ற ஸ்லைடுகளாவது உருப்படியா என்றால், முழுப் பத்தி பத்தியாக எழுத்து. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்கிரீனைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படிப்பது. எங்களுக்குப் படிக்கத் தெரியும் ஐயா. வாய்விட்டுப் படிப்பதைவிட மனதுக்குள் படிப்பது வேகம் என்பதால், நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போதே நாங்கள் கடைசி வரியை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். நிதானமாகப் படிக்கலாம் என்றால் உங்கள் குரல் விடாது. உங்களைக் கேட்கலாம் என்றால் எழுத்து கண்ணை இழுக்கிறது. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைச் சோதனை வைத்தே காட்டியிருக்கிறார்: படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் புரிகிறது, சொல்லும் அதே வாக்கியங்களைத் திரையிலும் போட்டால் புரிவது குறைகிறது. எழுதித்தான் சொல்ல வேண்டும் என்றால் எழுதியே கொடுத்துவிடுங்களேன். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-லேயே மேலதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயிண்ட் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆறு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு வர வேண்டும், எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் படிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. எனக்கு அப்படி ஒரு மீட்டிங் கிடைத்தால் போதும்.

“ஒரு ஸ்லைடுக்குப் போய் இவ்வளவு கோபமா?” என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஆபத்து உண்டா இல்லையா என்று பொறியாளர்கள் ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்பது போன்ற தொனியில் இருந்தது. அடியில், புல்லட்டுக்குள் புல்லட்டாக (வரிக்கு முன்னால் புள்ளி வைப்பார்களே, அதுதான்), சின்ன எழுத்தில் உண்மை இருந்தது: நுரை மோதினால் என்ன ஆகும் என்று முன்பு சோதித்தபோது பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், நிஜத்தில் மோதியது 1920 கன அங்குலம் இருக்கும் என்று கணிப்பு. அறுநூறு மடங்குக்கும் மேல்! அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்லவே முடியாது என்றுதானே அதற்கு அர்த்தம்? பிப்ரவரி 1-ம் தேதி கலம் திரும்பி வரும்போது உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேர் போய்விட்டார்கள். அந்த ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது உயிர் போகிற விஷயம் என்பதே அதைப் படித்த மேலதிகாரிக்குப் புரியாமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. தகவலைப் படமாகக் காட்டுவது எப்படி என்று புத்தகங்கள் எழுதிய எட்வர்ட் டஃப்டி அந்த ஒரே ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். முக்கியமானதை அடியில் சின்ன எழுத்தில் போடுவது அப்படி ஒன்றும் சின்னத் தப்பு இல்லை.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன், இன்னும் முடியவில்லை. ஒரு பெண் கை தூக்கி, பன்னிரண்டாவது ஸ்லைடைத் திரும்பக் காட்ட முடியுமா என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. இவர் நாற்பத்தியொன்றில் நிற்கிறார். ஒவ்வொன்றாகப் பின்னால் போக ஆரம்பித்தார். ஒவ்வொரு புல்லட்டுக்கும், சுழன்று வருவது, பறந்து வருவது என்று ஒரு அனிமேஷன் வைத்திருந்தாரா, பின்னால் போக அத்தனைக்கும் ஒரு கிளிக். ஒரு வரி மறையும், அடுத்த வரி மறையும், கிளிக், கிளிக், கிளிக். பன்னிரண்டைத் தாண்டி ஒன்பதுக்குப் போய்விட்டு “அய்யோ” என்று திரும்பினார். 12 என்று அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போய் நிற்கும்! B என்ற எழுத்தை அமுக்கினால் திரை இருண்டுவிடும், பார்வை எல்லாம் பேசுகிறவர் பக்கம் திரும்பும். நாளெல்லாம் அதே மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு விசைகளைத் தெரிந்துகொள்ள நேரம் இல்லை. வரி சுழல்வதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. “டைம் இல்ல, வேகமா போயிடறேன்” என்று மீதி ஸ்லைடுகளை ஓட்டினார். முடிவு, பரிந்துரை, அடுத்து என்ன செய்ய வேண்டும், எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓடியே போய்விட்டது. எதற்காகக் கூடினோமோ அது அங்கேதான் இருந்தது. வீட்டில் ஒரு தடவை, ஒரே தடவை, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பார்த்திருந்தால் போதும். பாதி ஸ்லைடை அவரே தூக்கியிருப்பார். அறையில் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் நாற்பது மணி நேரம், ஒரு ஆளின் ஒரு வார வேலை. அதை எடுத்துக்கொள்கிறவருக்கு ஒரு ஒத்திகை பார்க்கக்கூடவா முடியாது?

கடைசியில் ‘நன்றி’ ஸ்லைடு. அது மட்டும் நன்றாகப் பெரிய எழுத்தில், கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பரிந்துரைகளையாவது படிப்போம் என்று ஃபைலை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். இப்போதுதான் பதில் வந்திருக்கிறது, நாலு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். “அனுப்புகிறேன்”, “அனுப்ப முடியாது”, இரண்டில் ஒன்றை எழுத எத்தனை விரல் வேண்டும்? இந்த வாய்ஸ் மெசேஜ் ஆசாமிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கேள்விக்குப் பதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் நாலு நிமிடமும் கேட்டாக வேண்டும், நடுவில் யாரோ இவரைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள், அதற்குப் பதில் சொல்வார், அதையும் நாம் கேட்க வேண்டும்!