ஆஸ்கர் வென்ற முதல் இத்தாலிய நடிகை: ஒரு சிறு திருத்தம்

சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் இத்தாலியர் சோபியா லோரன் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதையே பகிர்ந்தும் இருக்கிறார்கள். அந்தப் பெருமை உண்மையில் அன்னா மக்னானிக்கு உரியது. 'தி ரோஸ் டாட்டூ' என்ற ஆங்கிலப் படத்தில் நடித்ததற்காக 1956-இல் நடந்த விழாவில் அவருக்கு அது வழங்கப்பட்டது. லோரன் வென்றது 1962-இல், 'டூ விமன்' படத்துக்காக.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது ஓரளவு புரிகிறது. லோரனும் ஒரு வகையில் 'முதல்வர்'தான்: ஆங்கிலம் அல்லாத மொழியில் நடித்து நடிப்புக்கான ஆஸ்கரை வென்ற முதல் கலைஞர் அவர். அந்தப் படத்தில் அவர் பேசியது இத்தாலிய மொழி. 'மொழி' என்ற சொல் பகிர்வுகளுக்கு நடுவே எங்கோ உதிர்ந்துவிட்டது போலும். (அதில் லோரன் ஏற்ற தாய் வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவரே மக்னானிதான், லோரனுக்கு மகள் வேடம். மக்னானி மறுத்த பிறகே அது லோரனிடம் வந்தது.)

சரிபார்ப்பது எளிது. ஆஸ்கர் அகாதமியின் இணையதளத்தில் விருதுத் தரவுத்தளம் இலவசமாகவே இருக்கிறது. அதில் சிறந்த நடிகை பிரிவைத் தேர்ந்தெடுத்து 28-ஆவது, 34-ஆவது விழாக்களைப் பாருங்கள். அங்கே விழா நடந்த ஆண்டு அல்ல, படத்துக்குரிய விருது ஆண்டே இருக்கும். எனவே 1955, 1961 என்று தேட வேண்டும்.